தொலைக்கணினியில் புள்ளி தொலையாமல் இருக்க: கிளையண்ட் அமைப்புகள் குறித்து ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி



பள்ளியில் இருக்கும் கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் வசதி வந்த பிறகு எங்களுக்குப் பெரிய நிம்மதி. தஞ்சோங் காராங்கில் வயல் பக்கமும் தோட்டப் பக்கமும் குடியிருப்பவர்கள், மறந்து வைத்துவிட்ட ஒரு கோப்புக்காகப் பள்ளிக்குத் திரும்ப ஓட வேண்டியதில்லை. ஆனால் இதே வசதியால்தான் நான் ஒரு முறை நன்றாகக் குட்டுப்பட்டேன். அதைச் சொல்லிவிட்டே பாடத்தைத் தொடங்குகிறேன்.

படிவம் 5 மாணவர்களுக்கான பயிற்சித் தாள். வலிமிகும் இடம், வலிமிகா இடம் பற்றிய கேள்விகள். இரவு பத்து மணி இருக்கும். வீட்டில் லைன் சரியில்லை. கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பள்ளிக் கணினிக்குள் நுழைந்தேன். திரை தடுமாறியது. அமைப்பில் ‘வேகத்துக்கு முதலிடம்’ என்று பொருள்படும் தேர்வைத் தட்டினேன். வேகம் வந்தது. புள்ளி போய்விட்டது.

‘அந்தப் பையன்’ என்று சக ஆசிரியை சரியாகத்தான் தட்டச்சு செய்திருந்தார். என் திரையில் அது ‘அந்தப பையன்’ என்று தெரிந்தது. என்ன இது, டீச்சர் இப்படி விட்டுட்டாங்களே என்று நினைத்து, பதினோரு இடங்களில் நானே புள்ளி வைத்துச் சேமித்துவிட்டுப் படுத்தேன். காலையில் நான் போவதற்குள் அறுபது படிகள் அச்சாகிவிட்டன. பதினோரு இடத்திலும் ஒற்றெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் தலையில் இன்னொரு புள்ளி.

“சார், இது என்னா எழுத்து சார்?” என்று முன்வரிசை மாணவி கேட்டாள். ஆசிரியை என்னைப் பார்த்து, “ராத்திரி நீங்கதான் கை வச்சீங்களா?” என்றார். அறுபது தாளும் குப்பைக்குப் போனது.

குறை மென்பொருளில் இல்லை. என் பக்கத்து அமைப்பில் இருந்தது. அந்த அமைப்புகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

1. எது கிளையண்ட், எது ஹோஸ்ட்?

நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினி கிளையண்ட். தூரத்தில் இருந்து உங்களால் இயக்கப்படும் கணினி ஹோஸ்ட். வீட்டு மடிக்கணினி கிளையண்ட், பள்ளி அலுவலகக் கணினி ஹோஸ்ட்.

இரண்டுக்கும் இடையே ஓடுவது இரண்டே பொருள்தான். உங்கள் விசைப்பலகை, எலி ஆகியவற்றின் அசைவுகள் இங்கிருந்து அங்கே போகின்றன. அங்குள்ள திரையின் படம் இங்கே வருகிறது. வேர்ட் கோப்பு பள்ளியில்தான் திறந்திருக்கிறது. எழுத்துருவும் பள்ளிக் கணினியில் உள்ளதுதான். நீங்கள் பார்ப்பது அதன் படம் மட்டுமே. இந்த ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால் கீழே வரும் எல்லா அமைப்பும் எளிதாகப் புரியும்.

இது புதிய தொழில்நுட்பம் அல்ல. கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவான வி.என்.சி. 1998இல் பொதுவில் வெளியானது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் தன் ஆர்.டி.பி. முறையை விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் கொண்டு வந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. புரொஃபெஷனல் அதைச் சாதாரண மேசைக் கணினிக்கும் கொடுத்தது. இன்று டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் என்று பல வந்துவிட்டாலும் அடிப்படை அதேதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் ஹோம் பதிப்பு ஆர்.டி.பி.யில் கிளையண்டாக மட்டுமே இயங்கும், ஹோஸ்டாக இருக்காது. பள்ளிக் கணினியில் ஹோம் பதிப்பு இருந்தால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேறு மென்பொருள்தான் வழி.

2. புள்ளி ஏன் மறைகிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 × 1080 அளவுள்ள திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நிறம் சொல்ல 3 பைட். ஒரு முழுத்திரைக்கு 6 மெகாபைட்டுக்கு மேல். நொடிக்கு 30 திரை என்றால் ஏறத்தாழ 187 மெகாபைட். நம் ஹாட்ஸ்பாட் இதைத் தாங்குமா? தாங்காது. ஆகவே மென்பொருள் படத்தைச் சுருக்குகிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. லைன் இன்னும் மோசமானால் சிறு நுணுக்கங்களை உதறிவிடுகிறது.

ஆங்கிலத்தில் உதறிப்போகும் நுணுக்கம் பெரும்பாலும் படிப்பதைக் கெடுக்காது. தமிழில் அப்படி இல்லை. ‘பல’வுக்கும் ‘பல்’லுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. ‘கி’க்கும் ‘கீ’க்கும் ஒரு சிறு சுழி. ‘செ’வுக்கும் ‘சே’வுக்கும் கொம்பில் ஒரு வளைவு. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழி. நம் எழுத்தில் பொருள் இருப்பதே இந்த நுணுக்கத்தில்தான்.

அத்துடன் திரை அளவும் சேர்ந்துகொள்ளும். பள்ளித் திரை 1920 அகலம், வீட்டு மடிக்கணினி 1366 அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பொருந்தும்படி சுருக்கினால் 10 படப்புள்ளி 7 ஆகிவிடும். 2 படப்புள்ளி உயரமுள்ள ஒற்றுப் புள்ளி ஒன்றரைக்கும் குறைவாகி, சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். சிவப்பு மையில் திருத்தம் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல சுருக்க முறைகள் ஒளியின் அளவை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைக்கின்றன. கறுப்பு எழுத்தைவிடச் சிவப்பு எழுத்து முதலில் மங்குவது இதனால்தான்.

3. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் என்ன மாற்றவேண்டும்?

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எம்.எஸ்.டி.எஸ்.சி. என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை இடைவெளியும் புள்ளியும் இல்லாமல் தட்டுங்கள். சிறிய சாளரம் வரும். பெரும்பாலோர் கணினிப் பெயரைக் கொடுத்து உடனே ‘கனெக்ட்’ அழுத்திவிடுவார்கள். அவசரப்படாதீங்க. கீழே ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ என்று இருக்கும். அதை அழுத்தினால் ஐந்து தாவல்கள் விரியும்.

‘ஜெனரல்’: கணினிப் பெயர், பயனர் பெயர். இங்கேயே ‘சேவ் ஏஸ்’ இருக்கிறது. எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகு இங்கே வந்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ‘பள்ளி - வீட்டு லைன்’, ‘பள்ளி - ஹாட்ஸ்பாட்’ என்று இரண்டு கோப்பு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்ற வேண்டாம். கடவுச்சொல்லைச் சேமிக்கும் கட்டத்தை, பிள்ளைகளும் பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் தட்டவே தட்டாதீர்கள்.

‘டிஸ்பிளே’: திரை அளவை உங்கள் மடிக்கணினியின் அளவுக்கே வையுங்கள். ஆர்.டி.பி.யில் ஹோஸ்ட் அந்த அளவுக்குத் தன் திரையை வரைந்து அனுப்பும், சுருக்க வேண்டிய அவசியமே இராது. நிறத்தில் லைன் மெதுவாக இருந்தால் 16 பிட் போதும். 65,536 நிறங்கள் கிடைக்கும், தேர்வுத்தாளுக்கு அது தாராளம்.

‘எக்ஸ்பீரியன்ஸ்’: நம் புள்ளியின் தலையெழுத்து இங்கேதான் இருக்கிறது. மேலே இணைப்பு வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். தானாகக் கண்டறியும் தேர்வும் உண்டு. மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் கீழே உள்ள பல கட்டங்களில் குறி நீங்கிவிடும். நீங்கட்டும். பின்புலப் படம், சாளர அசைவு, மெனு ஜாலம் எதுவும் நமக்கு வேண்டாம். ஆனால் ‘ஃபான்ட் ஸ்மூதிங்’ என்ற ஒரு கட்டத்தை மட்டும் கையால் மீண்டும் குறியிடுங்கள். எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கிப் புள்ளியையும் சுழியையும் காப்பாற்றுவது அதுதான். கூடவே ‘பெர்சிஸ்டன்ட் பிட்மேப் கேஷிங்’, லைன் அறுந்தால் மீண்டும் இணைக்கும் ‘ரீகனெக்ட்’ ஆகிய இரண்டும் குறியோடு இருக்கட்டும். மழைக்காலத்தில் இந்த இரண்டாவது கட்டம் பெரிய உதவி.

‘அட்வான்ஸ்ட்’: ஹோஸ்டின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கும். ‘எச்சரிக்கை செய்’ என்பதையே வையுங்கள். எச்சரிக்கை வேண்டாம் என்ற தேர்வு தொல்லை இல்லாததுபோல் தெரியும். ஆனால் வேறு ஏதோ கணினி பள்ளிக் கணினிபோல் நடித்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

மீதமுள்ள ‘லோக்கல் ரிசோர்சஸ்’ தாவலுக்குத் தனியாக வருகிறேன்.

இரண்டு குறுக்குவிசைகளை நினைவில் வையுங்கள். ஹோஸ்டுக்கு கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அனுப்ப வேண்டுமானால் கண்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் அழுத்துங்கள். முழுத்திரைக்கும் சாளரத்துக்கும் மாற கண்ட்ரோல்-ஆல்ட்-பிரேக்.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துவோருக்கு: இணைந்த பிறகு திரையின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால் தேர்வுகள் வரும். திரைக்குப் பொருந்தச் சுருக்குவது ஒன்று, ஹோஸ்டின் திரை அளவையே மாற்றுவது இன்னொன்று. முடிந்தால் இரண்டாவதை எடுங்கள். முடியாவிட்டால் சுருக்கத்தை நீக்கிவிட்டு, உண்மை அளவில் திரையை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். சிரமம்தான், ஆனால் புள்ளி தெரியும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் என் வழக்கம் இப்போது இதுதான்: மெய்ப்பு பார்க்கும்போது வேர்டில் பக்கத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிவிடுவேன். எழுத்து ஹோஸ்டிலேயே பெரிதாக வரையப்பட்டு வருவதால், எவ்வளவு சுருக்கினாலும் புள்ளி தப்பிப் பிழைக்கும்.

4. தமிழ்த் தட்டச்சு: எந்தப் பக்கத்தில்?

“சார், என் கம்ப்யூட்டர்ல தமிழ் வருது, ஸ்கூல் கம்ப்யூட்டருக்குள்ள போனா ஆங்கில எழுத்துதான் வருது.” புலனத்தில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இது.

காரணம் எளிது. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் பொதுவாக அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான். அந்த விசை ‘க’வா அல்லது ஆங்கில எழுத்தா என்பதை ஹோஸ்டில் உள்ள விசைப்பலகை அமைப்பு முடிவு செய்கிறது. எனவே தமிழ் விசைப்பலகை ஹோஸ்டில் இருக்க வேண்டும். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பழகியவர்கள் அதைப் பள்ளிக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 முறை பழகியவர்களுக்கு, இப்போதைய விண்டோஸிலேயே அது உள்ளது.

இரண்டு பக்கத்திலும் தமிழை ஒரே நேரத்தில் இயக்கிவிட்டால் குழப்பம் வரலாம். சில மென்பொருள்கள் விசை எண்ணுக்குப் பதில் எழுத்தையே அனுப்பும் தேர்வையும் கொடுக்கின்றன. அப்போது இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை என்று எழுத்து இரண்டு தடவை மாற்றப்படும். விதி இதுதான்: வீட்டில் ஆங்கிலம், ஹோஸ்டில் தமிழ். ‘லோக்கல் ரிசோர்சஸ்’ தாவலில் விண்டோஸ் விசைக் கூட்டுகள் எங்கே செயல்பட வேண்டும் என்று கேட்கும். அதை ஹோஸ்டுக்கு மாற்றிவிட்டால் மொழி மாற்றும் குறுக்குவிசையும் அங்கே போய் வேலை செய்யும்.

லைன் மிகவும் மெதுவாக இருந்தால் அங்கே தட்டச்சே செய்யாதீர்கள். ஒவ்வோர் எழுத்தும் அரை நொடி தாமதித்து வந்தால், வரவில்லை என்று நினைத்து மீண்டும் தட்டுவோம், இரட்டையாக விழும். வீட்டுக் கணினியிலேயே தட்டி முடித்து, ஒரேயடியாக நகலெடுத்து அங்கே ஒட்டுங்கள்.

இதில் பழைய கோப்புகள் ஒரு வலை விரிக்கும். யூனிகோடுக்கு முன்பு திஸ்கி போன்ற குறியேற்றங்களில் தட்டச்சு செய்த கேள்வித்தாள்கள் இன்னும் பல பள்ளிகளில் உள்ளன. ஹோஸ்டில் அந்த எழுத்துரு இருப்பதால் தொலைத்திரையில் அழகான தமிழாகத் தெரியும், ஏனென்றால் வருவது படம். அதையே நகலெடுத்து வீட்டுக் கணினியில் ஒட்டினால் கிறுக்கலாக விழும், ஏனென்றால் இப்போது வருவது குறியீடு. கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்படாதீங்க. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

5. எதைப் பகிர்கிறோம்?

‘லோக்கல் ரிசோர்சஸ்’ தாவலில் அச்சுப்பொறி, நகற்பலகை, வட்டு ஆகியவற்றை இரு கணினிக்கும் பொதுவாக்கும் கட்டங்கள் உள்ளன. இவை வசதி மட்டுமல்ல, வாசல்களும்கூட.

நகற்பலகை பொதுவாக இருந்தால், வீட்டில் நகலெடுத்த வங்கிக் கடவுச்சொல் பள்ளிக் கணினியிலும் ஒட்டக் கிடைக்கும். தமிழை ஒட்ட வேண்டிய நேரம் தவிர அதை அணைத்து வையுங்கள்.

வட்டைப் பகிர்ந்தால், பள்ளிக் கணினியில் உள்ள நச்சுநிரல் உங்கள் வீட்டுக் கோப்புகளையும் தொட முடியும். கோப்பு மாற்றுவதற்கு மட்டும் திறங்கள்.

அச்சுப்பொறிதான் தேர்வுக் காலத்தில் மிகவும் ஆபத்தானது. வீட்டில் அச்சாகும் என்று நினைத்து அழுத்துவோம், ஆசிரியர் அறையில் கேள்வித்தாள் வெளியே வந்து விழும். மறுநாள் காலையில் அந்த அறைக்குள் முதலில் நுழைவது யார்? தேர்வுத்தாள் வேலையின்போது அச்சுப்பொறியின் குறியை எடுத்துவிட்டாலும், அச்சிடும் பெட்டியில் எந்தப் பெயர் நிற்கிறது என்று ஒரு முறை படித்துவிட்டே அழுத்துங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் நுழைந்ததும் பள்ளியில் உள்ள திரை பூட்டிக்கொள்ளும். மற்ற பல மென்பொருள்களில் அப்படியில்லை. நீங்கள் வீட்டில் என்ன பார்க்கிறீர்களோ அது பள்ளித் திரையிலும் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கேள்வித்தாளைப் படிக்கலாம், மாணவர் விவரங்களையும் படிக்கலாம். திரையை மறைக்கும் தேர்வு உங்கள் மென்பொருளில் இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது திரையின் சுவிட்சை மட்டும் அடைத்துவிட்டு வாருங்கள். கணினியின் சுவிட்சை அல்ல! அதை அடைத்துவிட்டுப் போய், சனிக்கிழமை முழுக்க “கனெக்ட் ஆகலையே” என்று தவித்தவர்கள் எங்களில் நிறைய பேர்.

6. பாதுகாப்பு: இதில் சமரசம் வேண்டாம்

முதலாவது, தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் பள்ளிக் கணினியில் இத்தகைய மென்பொருளை நிறுவாதீர்கள். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். நல்ல எண்ணம் அனுமதி ஆகாது.

இரண்டாவது, பள்ளி மோடத்தில் 3389 என்ற ஆர்.டி.பி. வாசலை நேரே இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, ஆதரவை நிறுத்திவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு கடுமையான ஓட்டை அது. வி.பி.என். வழியாகப் போங்கள், அல்லது இரண்டடுக்குச் சரிபார்ப்பு உள்ள கணக்கோடு இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, நம் குடும்பத்தாரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது. வங்கி, போலீஸ், வருமான வரி வாரியம் என்று சொல்லிக்கொண்டு யாராவது அழைத்து, “ஒரு ஆப் இறக்குங்க, திரையில வர்ற எண்ணைச் சொல்லுங்க” என்றால் அந்த எண்தான் சாவி. சொன்ன அடுத்த நொடி உங்கள் கைத்தொலைபேசி அவர்கள் கையில். தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மா, அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்தான் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரே விதியாக வைத்துவிடுங்கள்: நாம் தேடிப்போய் உதவி கேட்ட, நமக்கு நேரில் தெரிந்த ஆளுக்குத்தான் எண்ணைச் சொல்வோம். தானாக அழைத்து வருபவருக்குச் சொல்வதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணையத்தைத் துண்டித்து, வங்கியின் அவசர எண்ணையும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

7. மாணவர்களுக்கு: தேர்வு நோக்கில் நான்கு குறிப்புகள்

கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

- கிளையண்ட் சேவையைக் கேட்கும் பக்கம், சர்வர் சேவையைத் தரும் பக்கம். தொலைக்கணினியில் தூரத்தில் இருப்பதே சர்வர். ‘பெரிய கணினிதான் சர்வர்’ என்று எழுதாதீர்கள். அளவு அல்ல, வேலைதான் கணக்கு.
- அலைவரிசை வேறு, தாமதம் வேறு. நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பது அலைவரிசை. ஒரு தகவல் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது தாமதம். படம் மங்கினால் பெரும்பாலும் அலைவரிசைக் குறைவு. படம் தெளிவாக இருந்து எழுத்து மட்டும் தாமதமாக விழுந்தால் தாமதம்தான் காரணம், நிறத்தைக் குறைத்துப் பயனில்லை.
- இழப்புள்ள சுருக்கம் நுணுக்கத்தைத் திரும்பத் தராது. இழப்பற்ற சுருக்கம் தரும். எடுத்துக்காட்டு கேட்டால் ஒற்றுப் புள்ளியையே எழுதலாம்!
- படம் வேறு, குறியீடு வேறு. திரையில் சரியாகத் தெரிவதெல்லாம் நகலெடுத்தால் சரியாக வரும் என்பதில்லை.

முடிக்கும் முன்

இணைப்பை முடிக்கும்போது சாளரத்தின் பெருக்கல் குறியை மட்டும் அழுத்தினால் ஹோஸ்டில் உங்கள் கணக்கு திறந்தே இருக்கும். ‘சைன் அவுட்’ செய்துவிட்டு வெளியேறுங்கள்.

கடைசியாக, அறுபது தாள் கற்றுக்கொடுத்த பாடம். தொலைத்திரையில் ஒரு பிழை கண்ணில் பட்டால் உடனே திருத்தாதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் பிழையாகத் தெரிந்தால் தட்டச்சு செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆசிரியையிடம் நான் அன்றிரவு ஒரு புலனச் செய்தி அனுப்பியிருந்தாலே போதும். இப்போதெல்லாம் அவர் தாளை முடித்ததும், “சார், புள்ளியெல்லாம் எண்ணி வச்சிருக்கேன், தொடாதீங்க” என்று ஒரு குறிப்போடுதான் அனுப்புகிறார்.

இந்த அமைப்புகளை உங்கள் கணினியில் ஒரு முறை செய்து பாருங்கள். எங்காவது சிக்கினால் உங்கள் பள்ளியின் கணினிப் பொறுப்பாசிரியரோடு சேர்ந்து உட்காருங்கள். அடுத்த தேர்வுத்தாள் வேலை தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.